ஐரோப்பிய வெளி எல்லைகளில் சுங்கச் சோதனைக் கருவிகள்: பொது நிதி கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கான படிப்படி வழிகாட்டி

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் சேர்த்துச் சுங்க எல்லை ஒன்றுதான். துருக்கியிலிருந்து வரும் ஒரு லாரி பல்கேரியாவின் கபிதான் ஆந்த்ரேவோ கடவையில் சுங்க நடைமுறைகளை முடித்து உள்ளே வந்துவிட்டால், அதிலுள்ள சரக்கு டென்மார்க் வரை வேறு எந்தச் சுங்க அதிகாரியின் கண்ணிலும் படாமல் போய்ச் சேர முடியும். 1968 ஜூலை 1 அன்று, ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பிலிருந்த ஆறு நாடுகள் தமக்குள் சுங்க வரியை ஒழித்து, வெளியிலிருந்து வரும் பொருளுக்குப் பொதுவான வரியை விதித்தபோது இதற்கு அடித்தளம் விழுந்தது. உள் எல்லைகளில் சுங்கச் சோதனைகள் 1993-இல்தான் முடிவுக்கு வந்தன. வசூலாகும் சுங்க வரியில் 75 விழுக்காடு ஒன்றியத்தின் பொது வரவு செலவுக்குச் செல்கிறது. வசூலிக்கும் நாடு 25 விழுக்காட்டை வசூல் செலவுக்காக வைத்துக்கொள்கிறது. வரியும் பாதுகாப்பும் இப்படிப் பொதுவாக இருந்தும், சோதனைக் கருவி வாங்கும் செலவு நெடுங்காலமாகப் பெரும்பாலும் அந்தந்த நாட்டின் தலையிலேயே இருந்தது. நீண்ட நில எல்லையைக் காக்க வேண்டிய நாட்டுக்கு வசதி குறைவாகவும், வெளி நில எல்லையே இல்லாத நாட்டுக்கு வசதி அதிகமாகவும் இருப்பது உண்டு. கடத்துபவர்கள் எந்த வாயில் பலவீனமாக இருக்கிறதோ அதைத்தான் தேடிப் போவார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கவே 2021 ஜூன் 24 அன்று 2021/1077 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறையின் மூலம் சுங்கச் சோதனைக் கருவிகளுக்கான நிதித் திட்டம் உருவானது. ஒருங்கிணைந்த எல்லை மேலாண்மை நிதியம் என்ற குடையின் கீழ் இரண்டு திட்டங்கள் உள்ளன. ஆட்களின் போக்குவரத்தையும் விசாவையும் ஒன்று கவனிக்கிறது. சரக்குகளை மற்றது, அதாவது நாம் பேசப்போகும் திட்டம், கவனிக்கிறது. 2021 முதல் 2027 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 100.64 கோடி யூரோ. ஏதேனும் ஒரு நாட்டின் சுங்கத் துறையில் இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களையும், கருவி தயாரிக்கும் நிறுவனங்களில் ஐரோப்பிய டெண்டர்களைக் கையாளத் தொடங்கும் பொறியாளர்களையும், பொது நிதி நிர்வாகம் பயிலும் மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். திருப்பூரில் தைத்த ஆடை தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறி ரோட்டர்டாமிலோ ஹாம்பர்க்கிலோ இறங்கும்போது அதைச் சோதிப்பதும் இதே வகைக் கருவிகள்தான் என்பதால், ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதில் அறிய வேண்டியவை உண்டு.

ஒரு சொல் விளக்கம். சுங்கச்சாவடி என்றதும் நம்மவர்களுக்கு நெடுஞ்சாலையில் வாகனக் கட்டணம் வாங்கும் இடம்தான் நினைவுக்கு வரும். அந்தக் குழப்பம் வேண்டாம் என்பதற்காக, சரக்கு நாட்டுக்குள் நுழையும் இடத்தை இக்கட்டுரை முழுவதும் எல்லைக் கடவை என்றே குறிப்பிடுகிறேன். நிலவழிச் சோதனை நிலையம், துறைமுகம், விமான நிலையம், வெளிநாட்டு அஞ்சல் வந்து சேரும் மையம் ஆகிய நான்கும் இதில் அடங்கும்.

படி 1: யார் கேட்கலாம் என்பதை உறுதிசெய்யுங்கள்

உறுப்பு நாடுகளின் சுங்கத் துறைகள் மட்டுமே இந்த நிதியைக் கேட்க முடியும். துறைமுக நிறுவனமோ, விமான நிலைய நிறுவனமோ, ஸ்கேனர் தயாரிப்பாளரோ நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. தயாரிப்பாளர்கள் உள்ளே வரும் வழி, மானியம் கிடைத்த பிறகு சுங்கத் துறை வெளியிடும் டெண்டர் மட்டுமே. நாடுகள் ஒன்றையொன்று வெல்ல முயலும் போட்டியாகவும் இதைப் பார்க்கக் கூடாது. தேவை எங்கே எவ்வளவு என்று கணக்கிட்டுப் பகிர்வதுதான் இத்திட்டத்தின் அடிப்படை. ஆகையால் சுங்கத் துறையாக இருப்பது மட்டும் தகுதியாகிவிடாது. தேவை மதிப்பீட்டுக்குரிய தகவல்களைத் தந்திருக்க வேண்டும் என்பதும் தகுதி நிபந்தனைகளில் ஒன்று. அந்தத் தகவலைத் திரட்டுவதே அடுத்த படி. என் கருத்தில் இந்த வேலையின் பாதிப் பகுதி அதுதான்.

படி 2: கடவையில் நின்று கணக்கெடுங்கள்

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இந்த நிதிக்கான தன் பணித் திட்டத்தை வகுக்கும்போது நான்கு விஷயங்களை அடிப்படையாகக் கொள்கிறது. கடவைகளைப் பொதுவான அளவுகோலின்படி வகைப்படுத்துவது முதலாவது. ஏற்கெனவே இருக்கும், இயங்கும் நிலையிலுள்ள கருவிகளின் முழுப் பட்டியல் இரண்டாவது. ஒவ்வொரு வகைக் கடவையிலும் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும், உகந்த அளவில் என்ன இருக்க வேண்டும் என்ற பொது வரையறை மூன்றாவது. வேலைப்பளுவை ஒட்டிய விரிவான செலவு மதிப்பீடு நான்காவது. வரையறைகளை வகுப்பதில் பல நாட்டுச் சுங்க வல்லுநர்கள் சேர்ந்து இயங்கும் குழுக்களின் அனுபவம் கைகொடுக்கிறது. பின்லாந்திலிருந்து கிரீஸ் வரை நீளும் கிழக்கு, தென்கிழக்கு நில எல்லையிலுள்ள 11 நாடுகளுக்கு செல்பெட் என்ற குழு இருக்கிறது. சுங்க ஆய்வகங்களுக்குத் தனிக் குழு உண்டு. உங்கள் நாட்டின் சார்பில் இத்தகைய குழுவில் அமர்ந்திருப்பவர் யார் என்று முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். தாளில் எழுதாத பல விவரங்களை அவர்தான் சொல்வார்.

தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு பழைய சொத்துப் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் தயாரித்தால் அது பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும். பதிவேட்டில் ஸ்கேனர் என்று ஒரு வரி இருக்கும். நேரில் போனால் அது எட்டு மாதமாக உதிரிபாகத்துக்குக் காத்துக்கொண்டிருக்கும். நேரில் நில்லுங்கள். ஒரு லாரி வந்ததிலிருந்து போகும் வரை அதனுடனேயே நடந்து பாருங்கள். ஓட்டுநர் வண்டியை மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தி இறங்கி, காத்திருக்கும் அறைக்குப் போகிறார். தண்டவாளத்தின் மேல் நிற்கும் வாயில் வடிவ ஸ்கேனர், வண்டியின் முன்புறத்திலிருந்து பின்புறம் வரை மெதுவாக ஊர்ந்து போகிறது. பக்கத்து அறையின் திரையில் சாம்பல் நிறப் படம் நீளவாக்கில் விரிகிறது. படம் பார்ப்பவர் முதலில் கவனிப்பது சரக்கை அல்ல, வண்டியைத்தான்: தரைப் பலகையின் தடிப்பு, முன்சுவருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இடையிலுள்ள வெளி, சக்கரத்தின் உட்பகுதி. அதே மாதிரி வெற்று வண்டியின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். பழப்பெட்டிகளின் ஒரே சீரான புள்ளி வரிசைக்கு நடுவே கூர்மையான விளிம்புள்ள ஒரு கட்டம் தெரிந்தால், வண்டி பிரித்துப் பார்க்கும் கொட்டகைக்குத் திரும்புகிறது.

இதையெல்லாம் பார்க்கும்போது குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள் வருகின்றன, அவற்றில் எத்தனை ஸ்கேனருக்குப் போகின்றன, ஒரு வண்டிக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, படம் பார்ப்பவர்கள் ஒரு பணிமுறைக்கு எத்தனை பேர், கடந்த ஓராண்டில் கருவி எத்தனை நாள் நின்றுபோனது, எதனால் நின்றது. இந்த எண்கள் கையிலிருந்தால் விண்ணப்பம் பாதி எழுதி முடிந்த மாதிரி. சில சமயம் புதிய ஸ்கேனரே தேவையில்லை, இருக்கும் ஸ்கேனருக்கு இன்னும் இரண்டு படமாய்வாளர்கள் போதும் என்று இந்தக் கணக்கு காட்டிவிடும். அப்படிக் காட்டினால் அதை ஒப்புக்கொண்டு, வேறு கடவையின் தேவையை முன்வையுங்கள்.

படி 3: எதற்காகச் சோதிக்கிறோம் என்பதிலிருந்து கருவிக்கு வாருங்கள்

ஒழுங்குமுறை சோதனையின் நோக்கங்களை ஆறாகப் பிரிக்கிறது: பிரிக்காமல் உள்ளே பார்ப்பது, ஆட்களின் உடலில் மறைத்ததைக் கண்டறிவது, கதிர்வீச்சைக் கண்டறிந்து எந்தத் தனிமம் என்று இனங்காண்பது, ஆய்வகத்தில் மாதிரியைப் பகுப்பாய்வது, களத்திலேயே மாதிரி எடுத்துச் சோதிப்பது, கையால் தேடுவது. பட்டியல் விரிவானது. லாரி ஸ்கேனர் முதல் பொட்டலங்களைப் பார்க்கும் சிறிய எக்ஸ்ரே வரை, ஆய்வக நிறமாலைக் கருவி முதல் இண்டு இடுக்குகளுக்குள் நுழைத்துப் பார்க்கும் குழாய்க் கேமரா வரை அதில் உண்டு. மோப்ப நாய்களும் களச் சோதனைப் பிரிவில் வருகின்றன என்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

எக்ஸ்ரே ஸ்கேனரில் முதலில் பார்க்க வேண்டியது ஊடுருவும் ஆற்றல். கன்டெய்னர்களுக்கும் லாரிகளுக்கும் பல மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள முடுக்கி, அதாவது எலக்ட்ரான்களை விரைவுபடுத்தி வலிமையான எக்ஸ்ரே உண்டாக்கும் கருவி, தேவைப்படும். 6 மெகா எலக்ட்ரான் வோல்ட் பரவலாகப் பயன்படும் அளவு. அஞ்சல் பொட்டலத்துக்கு அதில் மிகச் சிறு பகுதியே போதும். அடுத்தது வேகம். வண்டி நிற்க, கருவி நகரும் வகையில் ஒரு மணி நேரத்துக்கு இருபது சொச்சம் வண்டிகளைப் பார்க்கலாம். வண்டி ஓடிக்கொண்டே கடக்கும் வகையில் நூற்றுக்கும் மேல் போகும். ஓடும் வகையில் ஓட்டுநர் அறை கடந்து போன பிறகே கதிர் பாயுமாறு அமைத்திருப்பார்கள். வேகமான கருவி எப்போதும் நல்லது என்று எண்ண வேண்டாம். நூறு படம் எடுத்து இருபதைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும் என்றால் மீதி எண்பதும் வீண்.

கடந்து போகும் வண்டியில் கதிர்வீச்சு இருந்தால் மணி அடிக்கும் கதிர்வீச்சு வாயில்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் புதியவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள். வாழைப்பழம், பொட்டாஷ் உரம், பீங்கான் ஓடு, பூனைக் கழிவுக்குப் போடும் களிமண் மணல் ஆகிய எல்லாவற்றிலும் இயற்கையாகவே கதிர்வீச்சுத் தனிமங்கள் உண்டு. ஒரு லாரி நிறைய வந்தால் வாயில் மணி அடிக்கும். அண்மையில் கதிரியக்க மருந்து எடுத்துக்கொண்ட ஓட்டுநர் கடந்தாலும் அடிக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஓர் அதிகாரி எழுந்து போய், கையடக்கக் கருவியால் அது இயற்கையான பொட்டாசியமா ஆபத்தான சீசியமா என்று பிரித்தறிய வேண்டும். ஆகவே வாயிலை மட்டும் கேட்காமல், அதனுடன் தனிமத்தை இனங்காணும் கையடக்கக் கருவியையும், அதிகாரிகள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அளவியையும் சேர்த்தே கேளுங்கள். தனி வாயில் மட்டும் வாங்கிய இடத்தில் மூன்றாவது மாதமே மணியின் ஒலியைக் குறைத்து வைத்திருப்பதைக் கண்டு எனக்கு உண்மையிலேயே மனம் வலித்தது.

படி 4: எந்தச் செலவு சேரும், எது சேராது

தகுதியுள்ள செலவில் 80 விழுக்காடு வரை ஒன்றியம் தரும். மீதியை நாடு போட வேண்டும். அதற்கு மேல் கேட்பது தக்க காரணமுள்ள விதிவிலக்கான சூழலில் மட்டுமே. கருவியை வாங்குவது, பராமரிப்பது, மேம்படுத்துவது ஆகிய மூன்றும் சேரும். சேராதவற்றின் பட்டியலைத்தான் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்: நிலம் வாங்குவது, கட்டடமும் வெளிப்புறக் கட்டுமானமும், மேசை நாற்காலி, வாகனம், கப்பல், விமானம், அளவீட்டுக்குரிய மாதிரிப் பொருள்கள் உள்ளிட்ட பயன்படுத்தித் தீரும் பொருள்கள், தற்காப்பு உடைகள், கருவி இயங்க நேரடியாகத் தேவைப்படாத மின்னணு அமைப்புகளும் வலையமைப்புகளும். பயிற்சியும் சேராது, வாங்கும் ஒப்பந்தத்தில் அடங்கிய தொடக்கப் பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. லாரியின் மேல் பொருத்திய நடமாடும் ஸ்கேனரைக் கேட்பதானால், வண்டியின் விலை எந்தப் பக்கம் சேரும் என்று ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்புக் கூட்டு வரியையும் முதல் நாளே நிதிப் பிரிவிடம் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கடைசியில் அந்தத் தொகைதான் பற்றாக்குறையாக வந்து நிற்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்கேனரின் விலை 20 லட்சம் யூரோ என்றால் 16 லட்சம் வரை மானியம், 4 லட்சம் சொந்தப் பணம். ஆனால் தண்டவாளம் பதிக்க இரும்புக் கம்பி போட்ட சமதளக் காங்கிரீட், கதிர்ப் பாதுகாப்புச் சுவர், மின்மாற்றி, படமாய்வு அறை ஆகிய எதற்கும் இதிலிருந்து ஒரு யூரோ கூட வராது. நான் ஆலோசகராக இருந்த ஒரு திட்டத்தில், கருவி குறித்த தேதியில் வந்து இறங்கியது. தரைக்கான உள்நாட்டு ஒதுக்கீடு வரவில்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் அந்தக் கருவி நீலத் தார்ப்பாயின் கீழ் நின்றது, உத்தரவாதக் காலமும் ஓடிக்கொண்டே இருந்தது. தார்ப்பாயின் மடிப்பில் தேங்கி உறைந்த பனியைக் காவலாளி காலையில் கழியால் தட்டி உடைப்பார். அதைப் பார்த்த பிறகு, தரைக்கான பணத்தின் ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வாங்காமல் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்திட வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

ஒரே செலவுக்கு இரண்டு ஒன்றிய நிதிகளிலிருந்து பணம் வாங்கக் கூடாது என்பதும் முக்கியம். 2014 முதல் 2020 வரை நடந்த மோசடித் தடுப்புத் திட்டமான ஹெர்குலிஸ் 3 போன்ற முந்தைய நிதிகளில் வாங்கிய கருவிகள் உங்கள் கடவையில் இருக்கலாம். அவற்றைப் பட்டியலில் மறைக்காமல் காட்டுங்கள். கருவியின் முதன்மைப் பயன் சுங்கச் சோதனையாக இருக்கும் வரை, எல்லைக் காவலர்கள் போன்ற பிற துறையினருடன் அதைப் பகிர்ந்து பயன்படுத்த இடமுண்டு.

படி 5: விண்ணப்பத்தை எழுதுங்கள்

விண்ணப்பம் ஆணையத்தின் நிதி மற்றும் டெண்டர் இணைய வாயில் வழியாகவே போகும். துறைக்கு ஒன்பது இலக்க அடையாள எண் வேண்டும். அது ஏற்கெனவே பதிவாகியிருக்கும். புதிதாக இன்னொன்று எடுத்துக் குழப்பிவிடாதீர்கள். சட்டப்படி கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் இப்போதும் அதே பதவியில்தான் இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள்.

நியாயப்படுத்தும் பகுதியில் பொதுப்படையாக எழுதுவதைத் தவிருங்கள். பாதுகாப்பு மிக முக்கியம் என்ற வாக்கியத்தை எல்லா நாடும் எழுதும். ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 116 டன் கோக்கைன் பிடிபட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆணையம் வெளியிட்ட போதைப்பொருள் எதிர்ப்புச் செயல்திட்டத்தில், துறைமுகங்களின் சோதனைக் கருவிகளுக்கென இதே நிதியிலிருந்து 20 கோடி யூரோ தருவதாக அறிவித்தது. இத்தகைய எண்களுக்குத்தான் கனம் உண்டு. உங்கள் கடவையின் எண்ணைச் சொல்லுங்கள்: இந்த வழியே இவ்வளவு வண்டிகள் வருகின்றன, வரையறைப்படி இந்த வகைக் கடவையில் இருக்க வேண்டியது இது, இருப்பது இது, இடைவெளி இவ்வளவு, அந்த இடைவெளி வழியே போகக்கூடியது இன்னது. அத்துடன், அந்தச் சரக்கு உங்கள் நாட்டோடு நிற்காமல் எங்கெல்லாம் போகிறது என்பதையும் எழுதுங்கள். பொது நிதி கேட்பதற்கான உண்மையான காரணமே அதுதான், விந்தையாக அதைத்தான் பலர் எழுத மறக்கிறார்கள்.

படி 6: டெண்டர்

மானிய ஒப்பந்தம் கையெழுத்தான பின் 2014/24 எண்ணுள்ள பொதுக் கொள்முதல் நெறிமுறை தொடங்குகிறது. வரம்புக்கு மேற்பட்ட டெண்டர்கள் ஒன்றியத்தின் டெட் எனப்படும் மின்னணு இதழில் வெளியாக வேண்டும். தயாரிப்பாளர்கள் தினமும் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. விவரக்குறிப்பில் ஒரு நிறுவனத்தின் கையேட்டிலிருந்து வரிகளை அப்படியே எடுத்துப் போட்டால், தோற்ற நிறுவனம் வழக்குத் தொடுக்கும், ஓராண்டு போய்விடும். இரும்பின் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பை ஊடுருவ வேண்டும், எவ்வளவு மெல்லிய கம்பி படத்தில் தெரிய வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வண்டி என்று செயல்திறனை மட்டும் கேளுங்கள். ஏற்றுக்கொள்ளும் சோதனையை உங்கள் கடவையில், உங்கள் குளிரில், உங்கள் அதிகாரிகளின் கண் முன்னால் நடத்த வேண்டும் என்று எழுதுங்கள்.

மூன்று விஷயங்களை ஒப்பந்தத்தில் விட்டுவிடாதீர்கள். படங்களை உலகச் சுங்க அமைப்பு வகுத்துள்ள ஒருங்கிணைந்த கோப்பு வடிவத்தில் தர வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு நிறுவனத்தின் ஸ்கேனருக்கும் தனித்தனித் திரையும் தனித்தனி ஆளும் தேவைப்படும். தொலைவிலிருந்து பராமரிப்புக்காக நுழையும் இணைப்பு யார் கையில், எந்த நாட்டிலிருந்து என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உதிரிபாகம் எத்தனை நாளில் வந்து சேர வேண்டும், தாமதமானால் தண்டம் என்ன என்பதும் இருக்க வேண்டும்.

படி 7: கதிர்வீச்சு அனுமதி

ஐரோப்பிய அணுசக்திச் சமூகமான யூராட்டத்தின் 2013/59 எண்ணுள்ள நெறிமுறையை ஒட்டிய உள்நாட்டுச் சட்டப்படி அணுசக்தி ஒழுங்கு ஆணையத்தின் அனுமதி வேண்டும். பொதுமக்கள் மேல் படக்கூடிய கதிர்வீச்சின் வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). வேலி, எச்சரிக்கை விளக்கு, ஓட்டுநர் காத்திருக்கும் அறையின் தூரம் எல்லாம் அதிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. டெண்டரோடு ஒரே சமயத்தில் இதையும் தொடங்குங்கள்.

படி 8: பணம் வந்த பிறகும் கணக்கு முடிவதில்லை

ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். வரி நீங்கலாக 10,000 யூரோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கருவிக்கும் தனியாக விவரம் கேட்பார்கள். கருவி இயங்கத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் கழித்தும் அது இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது, முன்கூட்டிய பராமரிப்பு நடந்ததா என்று கேட்பார்கள். அதற்குள் நீங்கள் வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போயிருப்பீர்கள். எனவே கருவி வந்த அன்றே ஒரு பதிவேடு திறந்து, வரிசை எண், பொருத்திய தேதி, ஒவ்வொரு பழுது, ஒவ்வொரு பராமரிப்பு, அன்று எத்தனை வண்டி பார்த்தோம் என்பவற்றை அந்தந்தப் பணிமுறையின் பொறுப்பாளரே எழுதிக் கையெழுத்திடும் வழக்கத்தை உண்டாக்குங்கள். பதிவேட்டின் ஒரு பிரதி கடவையிலும் மற்றது தலைமை அலுவலகத்தில் மானியக் கோப்போடும் இருக்கட்டும். அடுத்த நிதிக் காலத்துக்கு உங்கள் இடத்துக்கு வருபவர் இரண்டாவது படியைத் தொடங்கும்போது முதலில் தேடுவது அந்தப் பதிவேட்டைத்தான்.